முட்டை ஓடும் ஒரு கைப்பிடி மஞ்சளும்

பல் மருத்துவக் கல்லூரி லேபில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ராஜாத்தி எழுதுவது.

உங்களுக்கு நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். மைக்கை நீட்டினால் நான் பாத்ரூம் பக்கம் போய்விடுவேன் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதியது. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

மிஷினை எப்படித் துடைப்பது, எந்தப் பாட்டில் எந்தத் தட்டில் என்பதையெல்லாம் மற்றவர்கள் காட்டித் தருவார்கள். தப்பு செய்துவிட்டால் அடுத்தது என்ன என்று மட்டும் யாரும் காட்டித் தர மாட்டார்கள். அந்தப் பாடத்தில் எனக்கு அனுபவம் அதிகம்.

வேலைக்கு வந்த முதல் மாதமே ஆரம்பித்தேன். மாணவர்கள் பல் அச்சு வார்த்த பிறகு பிளாஸ்டர் ஒட்டிய கிண்ணங்கள் மலைபோல் கிடக்கும். வீட்டில் தோசை மாவுப் பாத்திரம் கழுவுகிற மாதிரி அதையெல்லாம் கழுவித் தொட்டியில் ஊற்றினேன். ஒரு வாரம் ஊற்றினேன். அடுத்த திங்கட்கிழமை தண்ணீர் இறங்கவில்லை. ரிப்பேருக்கு வந்தவர் கீழே படுத்துக் கழற்றி, குழாய் வடிவத்திலேயே வளைவு நெளிவோடு இறுகிப்போன பிளாஸ்டரை முழுசாக உருவி எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"கை ஒடஞ்சா மாவுக்கட்டு போடுவாங்க. குழா ஒடையறதுக்கு முன்னாடியே போட்டு வச்சிருக்கீங்களே அம்மா" என்றார்.

அன்றிலிருந்து பிளாஸ்டரைக் காயவிட்டுத் தட்டிக் குப்பையில் போட ஆரம்பித்தேன். அது சின்னத் தப்பு. தானாகவே வந்து கதவைத் தட்டிவிட்டது. நான் சொல்லப் போகிற தப்பு வேறு மாதிரி. பார்ப்பதற்கு அழகாக இருந்தது. எல்லோரும் அதைப் பாராட்டினார்கள். அப்படிப்பட்ட தப்புக்குத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் பவித்ரா டாக்டர் மேல்படிப்புக்கு எங்கள் துறைக்கு வந்தார். திருவெள்ளறைப் பக்கம் விவசாயக் குடும்பம். வீட்டில் முதல் டாக்டர். வரும்போதே ஒரு யோசனையோடு வந்தார்.

பல் சொத்தையை அடைக்கப் பல் நிறத்திலேயே ஒரு பசை வைக்கிறார்களே, அதற்குக் காம்போசிட் என்று பெயர். நீல வெளிச்சத்தைக் காட்டினால் கல்லாக இறுகிவிடும். வெறும் பசைக்குப் பலம் போதாது. காங்கிரீட்டில் சிமெண்டோடு ஜல்லி சேர்ப்பது போல உள்ளே ஒரு பொடி சேர்க்க வேண்டும். அந்தப் பொடியை ஃபில்லர் என்பார்கள். கடையில் வாங்குவதில் பெரும்பாலும் கண்ணாடிப் பொடிதான் இருக்கும். குப்பைக்குப் போகிற முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டால் என்ன என்று பவித்ரா டாக்டர் கேட்டார். அதையே தன் ஆராய்ச்சித் தலைப்பாகவும் வைத்துக்கொண்டார். அதே சமயம் இன்னொரு டாக்டர் நெல் உமிச் சாம்பலோடு வந்தார். வேறொருவர் ஒரு சாக்கு நத்தை ஓட்டோடு வந்தார். எங்கள் லேபைத் திறந்தால் எருக்குழியைத் திறந்த மாதிரி இருக்கும்.

முட்டை ஓடு சேர்த்து வருகிற பொறுப்பு எனக்கு. பாலக்கரையில் ஒரு ஆம்லேட் தள்ளுவண்டிக்காரரிடம் சொல்லி வைத்தேன். முதல் தடவை கொஞ்சம்தான் கிடைத்தது. பவித்ரா டாக்டரே லேபில் வேக வைத்து, உள்ளே இருக்கிற சவ்வை உரித்தார். முட்டைச் சவ்வு வேகும் நாற்றம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் நீங்கள் புண்ணியம் செய்தவர்கள். பக்கத்து அறையில் நோயாளிகளைப் பார்ப்பார்கள். அங்கே நாற்காலியில் வாயைத் திறந்து படுத்திருந்த ஒரு பெரியவர் பட்டென்று வாயை மூடிக்கொண்டாராம்.

"டாக்டர், என் வாயிலேர்ந்தா இப்படி வருது?"

அவருக்குப் பிறகு காத்திருந்த மூன்று பேரும் வாயைத் திறக்கக் கூச்சப்பட்டு எழுந்து போய்விட்டார்கள்.

எங்கள் துறைத் தலைவரைப் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வோம். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. பிடித்தால் ஒரு "ம்", பிடிக்காவிட்டால் கொஞ்சம் நீளமாக ஒரு "ம்". அன்று நீளமான "ம்" சொல்லிவிட்டு, "லேபுல இனிமே வேக வைக்க வேண்டாம். வேற எங்கயாவது பண்ணிட்டு வாங்க" என்றார்.

பவித்ரா டாக்டர் தங்கியிருந்தது புத்தூரில் ஒரு பெண்கள் விடுதி. அங்கே அடுப்பு கிடையாது. அவர் என் முகத்தைப் பார்த்தார். முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு வராது.

"நான் வீட்டுல பண்ணிட்டு வரேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் வீடு எங்கே இருக்கிறது என்று எனக்கு ஞாபகம் வந்தது.

ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு ஐயங்கார் மாமி வீட்டின் பின்கட்டில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறேன். குடி வந்த அன்றே மாமி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். மீன், கறி, முட்டை வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. இருபது வருஷமாக நான் முட்டை தின்பதென்றால் காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு பை நிறைய முட்டை ஓட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பையையே பார்த்தார்.

"என்னங்க கலகலன்னு சத்தம் வருது, கண்ணாடி வளையலா?"

"ஆமாங்க."

"பொண்ணுக்கு வளைகாப்பா?"

"ஆமாங்க."

சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து அம்மா மண்டபம் வருவதற்குள் இல்லாத பெண்ணுக்கு ஏழாம் மாதம் ஆகிவிட்டது. ஒரு பொய் சொன்னால் அது தனியாக நிற்காது என்று அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வீட்டில் ஓட்டை அடுப்பில் ஏற்றினேன். நாற்றம் கிளம்புவதற்கு முன்னால், கவுச்சியைப் போக்க எங்கள் அம்மா வீட்டில் மீனுக்குச் செய்வதைச் செய்தேன். மஞ்சள் தூளைப் போட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மாமி கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்.

"ராஜாத்தி, என்ன மஞ்சள் வாசனை தூக்கறது? விசேஷமா?"

"எங்க பல் ஆஸ்பத்திரிக்கு ஒரு மருந்து வேக வைக்கறேன் மாமி."

"பல்லுக்கு மஞ்சளா? பேஷ். நம்ம பெரியவா சொன்னதையெல்லாம் இப்பத்தான் டாக்டர்கள் கண்டுபிடிக்கறா போலருக்கு. நன்னா வேகட்டும்."

நன்றாக வெந்தது. மறுநாளும் ஒரு பை. மறுபடியும் மஞ்சள். மொட்டை மாடியில் காயப் போட்டால் மாமி கண்ணில் படும், காக்காயும் வரும். அதனால் அடுக்களைக் கதவைச் சாத்தி ஃபேனுக்கு அடியில் நிழலிலேயே உலர்த்தினேன். ஓடு இளம் சந்தன நிறமாக இருந்தது. அரைத்தால் போய்விடும் என்று நினைத்தேன். பவித்ரா டாக்டரிடம் அதைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. பாத்திரத்தை எந்த சோப்பில் கழுவினேன் என்று யாரிடமாவது சொல்வோமா, அது போலத்தான் எனக்குப் பட்டது.

பவித்ரா டாக்டர் அதைப் பொடித்து, சலித்து, பசையில் கலந்து, காசு மாதிரி சின்னச் சின்ன வட்டங்களாக வார்த்து நீல வெளிச்சம் காட்டினார். முதல் தடவை லேபில் வேக வைத்த ஓட்டில் செய்த வட்டங்கள் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை வெளேர் என்று வந்திருந்தன. அப்படிப்பட்ட பல்லை யார் வாயில் வைப்பது என்று அவற்றையும் மிச்சப் பொடியையும் ஒரு டப்பாவில் போட்டு ஓரமாக வைத்துவிட்டார். இந்தத் தடவை வந்தது தந்த நிறம். பல் நிறம் பார்க்க வரிசையாகப் பொய்ப் பற்கள் கோத்த ஒரு பட்டை இருக்கும். அதில் நம்மூர்க் காபி குடிக்கிற வாய்க்குப் பொருந்துகிற பல்லோடு வைத்துப் பார்த்தால் எது பல், எது முட்டை என்று தெரியவில்லை.

"ராஜாத்திக்கா, இங்க வாங்க, இத பாருங்க. சாயமே சேர்க்கல. இயற்கையாவே பல் கலர் வருது."

"நல்லாருக்கு டாக்டர்" என்றேன்.

"மொத தடவ ஏன் வெள்ளையா வந்துச்சு? இது வேற முட்டையா?"

"அதே வண்டிதான் டாக்டர்."

"அப்போ கோழி வேறயா இருக்கும்."

சொல்ல வேண்டிய இடம் அது. ஒரு வாக்கியம் போதும். நான் மேஜையைத் துடைத்தேன். அவர் பைக்குள் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு பாலக்கரைக்குக் கிளம்பிவிட்டார். நானும் கூடப் போக வேண்டியதாயிற்று.

"அண்ணே, உங்க முட்டை போடற கோழி என்ன சாப்பிடுது?" என்று ஆம்லேட் வண்டிக்காரரிடம் கேட்டார்.

அவர் தோசைத் திருப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்தார். "மேடம், எனக்கும் கோழிக்கும் பழக்கமே கெடையாது. முட்டை நாமக்கல்லேர்ந்து லாரியில வருது. டபுளா சிங்கிளா, அதச் சொல்லுங்க."

சனிக்கிழமை பவித்ரா டாக்டர் நாமக்கல்லுக்கே போய்விட்டார். ஒரு பண்ணையில் தீவன மூட்டைகளைப் படம் எடுத்து, மக்காச்சோளத்தின் மஞ்சள்தான் ஓட்டில் இறங்குகிறது என்று முடிவு செய்து, திங்கட்கிழமை இரண்டு பக்கம் எழுதி எடுத்து வந்தார். நான் ஒரு சிட்டிகை மஞ்சளைச் சொல்லாமல் விட்டேன். அது ஒரு வாரத்தில் நாமக்கல் வரைக்கும் போய்விட்டு வந்துவிட்டது. சிட்டிகை என்பது நான் என் மனசுக்குச் சொல்லிக்கொண்ட கணக்கு. போட்டது கைப்பிடி.

அதற்குப் பிறகு வட்டங்களைப் பலம் பார்க்கும் மிஷினில் வைத்தார். ஒரு ஊசி மேலேயிருந்து அழுத்தும். எவ்வளவு குழி விழுகிறது என்று பார்ப்பார்கள். மேல்பக்கம் கல் மாதிரி நின்றது. திருப்பிப் போட்டு அடிப்பக்கம் வைத்தால் ஊசி சோப்புக்கட்டியில் இறங்குகிற மாதிரி இறங்கியது. பல்லுக்குள் வைத்தால் மேலே மட்டும் இறுகி அடியில் கொழகொழவென்று கிடக்கும் என்று அர்த்தம். அது அடைப்பே கிடையாது.

நீல லைட்டில் கோளாறு என்று நினைத்து அதைச் சரி பார்க்க அனுப்பினார்கள். நன்றாக இருக்கிறது என்று திரும்பி வந்தது. வேறு துறை லைட்டை இரவல் வாங்கினார்கள். அதே கதை. நேரத்தைக் கூட்டினார், பிடிக்கிற தூரத்தைக் குறைத்தார். மூன்று வாரம் அந்தப் பெண் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பெரிய டாக்டர் வந்து, வட்டங்களை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"இது ஒத்து வரலம்மா. கண்ணாடிப் பொடிய வச்சே வேற ஏதாவது பண்ணு. மூணு மணிக்குக் கமிட்டி இருக்கு. அதுக்குள்ள தலைப்ப மாத்தறதுக்கு எழுதிக் குடுத்துரு."

"இப்ப மாத்தினா என் பேட்ச்சோட பரீட்சை எழுத முடியாது சார்."

"தெரியும்மா. தப்பான முடிவோட எழுதறத விட ஒரு வருஷம் தள்ளி எழுதறது மேல்."

அவர் போன பிறகு பவித்ரா டாக்டர் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டு வந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக அடுக்கினார்.

பிள்ளைகளே, அப்போது என் மனசில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். அப்பாடா என்று இருந்தது. தலைப்பு மாறிவிட்டால் பெட்டி ஸ்டோருக்குப் போய்விடும். என் மஞ்சளும் அதோடு போய்விடும். நாமக்கல் கோழிக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. கெட்டி ஆகாததற்கும் மஞ்சளுக்கும் என்ன சம்பந்தம்? நிறம் பற்றித்தானே நான் சொல்லாமல் விட்டது? நிறத்தையே யாரும் இனிக் கேட்கப் போவதில்லை.

பவித்ரா டாக்டர் கடைசிப் பாட்டிலை வைத்துவிட்டு என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

"நான்தாங்க்கா எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன். எங்கன்னுதான் தெரியல."

நான் கற்றுக்கொண்டது அந்த ஒரு நிமிஷத்தில்தான். நாம் செய்த காரியத்துக்கும் நடந்த கோளாறுக்கும் சம்பந்தம் உண்டா, இல்லையா என்று தீர்மானிக்கிற படிப்பு நமக்குக் கிடையாது. என்ன செய்தோம் என்று நமக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்வது நம் வேலை. தீர்மானம் படித்தவர்கள் வேலை. நான் மூன்று வாரமாக அவர்கள் வேலையைச் செய்துகொண்டு என் வேலையை விட்டிருந்தேன்.

சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. என்ன செய்வது என்று சுற்றிப் பார்த்தேன். பெட்டிக்குள் ஒரு பாட்டிலில், முன்பு ஒரு சோதனைக்காகச் சூளையில் வைத்துச் சுட்ட முட்டை ஓடு இருந்தது. சுட்ட முட்டை ஓடு சுண்ணாம்புதான். ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, என் வீட்டில் வெந்த ஓட்டின் பொடி இரண்டு கரண்டி போட்டேன். அதில் அந்தச் சுண்ணாம்பு அரைக் கரண்டி போட்டுக் கலக்கினேன்.

கல்யாண வீட்டு அளவுக்கு வரவில்லை. ஆனாலும் தண்ணீர் சிவந்தது. யாரும் தெரிந்துகொள்கிற அளவுக்குச் சிவந்தது.

பவித்ரா டாக்டர் கிண்ணத்தைப் பார்த்தார். திருவெள்ளறைப் பெண்ணுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பாடப் புத்தகத்திலா படிக்க வேண்டும்?

"ஆரத்தி" என்றார்.

"ஆமா டாக்டர்."

"மஞ்சளா போட்டீங்க?"

"நாத்தம் வந்தா மாமி வீட்ட காலி பண்ணச் சொல்லுவாங்கன்னு போட்டேன் டாக்டர்."

அவர் கிண்ணத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"ராஜாத்திக்கா, நான் நாமக்கல் போனேன். அங்க ஒருத்தர்கிட்ட ஒரு மணி நேரம் கோழித் தீவனத்தப் பத்திக் கேட்டேன். அவரு டீயெல்லாம் வாங்கிக் குடுத்தாரு."

"தெரியும் டாக்டர்."

"தெரிஞ்சும் டாட்டா காமிச்சு பஸ் ஏத்தி விட்டீங்க."

அவருக்குச் சிரிப்பு வருகிறதா அழுகை வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அந்த நேரம் பார்த்து, எழுதிய கடிதத்தை வாங்கிப் போகப் பெரிய டாக்டர் உள்ளே வந்தார். மேஜை மேல் சிவப்புத் தண்ணீரைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார்.

"யாருக்குக் கல்யாணம்?"

பவித்ரா டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சொல்லட்டும் என்று காத்திருந்தார். அவரே சொல்லியிருக்கலாம், என்னைக் காப்பாற்றியும் இருக்கலாம். அப்படிச் செய்யாததற்கு இன்றைக்கும் அவருக்கு நன்றி சொல்கிறேன். ஆம்லேட் வண்டியில் ஆரம்பித்து, வளைகாப்பையும் மாமியையும் கூட விடாமல், முழுவதையும் தரையைப் பார்த்தபடி சொல்லி முடித்தேன். இனி வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

பெரிய டாக்டர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"எவ்வளவு போட்டீங்க?"

"ஒரு சிட்டிகை சார்."

அவர் என் கையைப் பார்த்தார்.

"ஒரு கைப்பிடி சார். ரெண்டு தடவை."

"ம்" என்றார். சின்ன "ம்".

ஏன் போட்டாய் என்று கேட்கவில்லை. யாரைக் கேட்டுப் போட்டாய் என்றும் கேட்கவில்லை. நீங்கள் நாளைக்குப் பெரிய பொறுப்புக்கு வந்தால், உங்களுக்குக் கீழே ஒருத்தர் தப்பைச் சொல்ல வந்து நிற்கும்போது, எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். ஏன் என்று கேட்டால் அவர்கள் கதை சொல்ல ஆரம்பிப்பார்கள். எவ்வளவு என்று கேட்டால் உண்மை வரும்.

ஓரமாகக் கிடந்த டப்பாவிலிருந்து முதல் தடவை செய்த வெள்ளைப் பொடியை எடுக்கச் சொன்னார். பவித்ரா டாக்டர் வெள்ளையில் ஒரு வட்டம், மஞ்சளில் ஒரு வட்டம் அங்கேயே வார்த்தார். இரண்டுக்கும் அதே லைட், அதே நேரம். திருப்பிப் போட்டு ஒரு கூர்மையான கருவியால் அடிப்பக்கத்தைக் கீறினார். மஞ்சளில் பள்ளம் விழுந்தது. வெள்ளையில் கருவி வழுக்கிக்கொண்டு போனது.

நீல வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும். அதனால் லைட்டின் முனையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தட்டு மாட்டியிருப்பார்கள். பெரிய டாக்டர் அந்தத் தட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"பவித்ரா, இது எதுக்கும்மா இருக்கு?"

"நீல வெளிச்சம் கண்ணுக்கு வராம தடுக்கறதுக்கு சார்."

"மஞ்சளும் அதத்தான் செய்யுது. நீல வெளிச்சத்த அதுவே குடிச்சிரும். மேல இருக்கற மஞ்சள் குடிச்சது போக அடிவரைக்கும் போய்ச் சேரல." என் பக்கம் திரும்பினார். "ராஜாத்திம்மா ஒவ்வொரு பொடிக்கும் ஒரு கூலிங் கிளாஸ் மாட்டி விட்டிருக்காங்க."

பவித்ரா டாக்டர் அப்போதுதான் சிரித்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, பாவம், ஆசையாகக் கேட்டார்.

"அப்போ கலர் போச்சா சார்?"

"கலர் எப்பவோ போச்சும்மா. அது உன் கலரே இல்ல. மஞ்சக் கறை பட்ட புடவைய வெயில்ல போட்டா என்ன ஆகும்? நாலு நாள்ல வெளுத்துரும். ஆனா முட்டை ஓடு போகல. முட்டை ஓட்ட நீ இன்னும் சோதிக்கவே ஆரம்பிக்கல."

மூன்று மணிக்குக் கமிட்டியில் தலைப்பை மாற்றும் கடிதத்துக்குப் பதிலாக வெள்ளை ஒன்றும் மஞ்சள் ஒன்றுமாக இரண்டு வட்டங்களை வைத்தார்கள். நடந்ததை அப்படியே சொன்னார்களாம். ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் எல்லாவற்றையும் புதிதாகச் செய்து முடிக்க வேண்டும்.

மறுபடியும் எங்கே வேக வைப்பது என்ற கேள்வி வந்தது. மஞ்சள் இல்லாமல் மாமி வீட்டில் நடக்காது. ஞாயிற்றுக்கிழமை நோயாளிகள் வர மாட்டார்கள், கல்லூரி மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய டாக்டர் அனுமதி கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல் காலையில் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடேயே மாடி ஏறி வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சவ்வு உரித்தார். இரண்டு ஓட்டுக்குப் பிறகு மூக்கைச் சுருக்கினார்.

"ராஜாத்திம்மா, நீங்க மஞ்சள் போட்டதுல ஒரு நியாயம் இருக்கு" என்றார்.

அன்று எனக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள். எத்தனை ஓடு, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம், தண்ணீரைத் தவிர வேறு என்ன என்று நான் என் கையாலேயே எழுத வேண்டும். 'வேறு என்ன' என்ற இடத்தில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதினேன். அதை எழுதும்போது கிடைத்த சுகம் இருக்கிறதே, அதை உங்களுக்கு எப்படிச் சொல்வது. இப்போது உங்கள் அலமாரியில் இருக்கிற நோட்டுகளில் 'வேறு என்ன' என்று ஒரு கட்டம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வந்த கதை இதுதான். அதைக் காலியாக விடாதீர்கள். கை கழுவிய சோப்பு பட்டிருந்தால் கூட எழுதுங்கள்.

புது வட்டங்கள் சுண்ணாம்பு வெள்ளையாகத்தான் வந்தன. அடிப்பக்கம் நன்றாக இறுகியிருந்தது. நிறத்துக்குக் கடையில் விற்கிற சாயத்தைத் துளியாகச் சேர்த்து, அது எவ்வளவு என்றும் எழுதிக்கொண்டார்கள். மஞ்சள் வட்டங்களைத் தூக்கிப் போடலாமா என்று பவித்ரா டாக்டர் கேட்டதற்குப் பெரிய டாக்டர் நீளமான "ம்" சொன்னார். அதனால் அவையும் ஆராய்ச்சிப் புத்தகத்துக்குள் போயின. நாமக்கல் பக்கங்கள் மட்டும் கிழிக்கப்பட்டன. மாமிக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இந்தத் தாள் அவர் கைக்குப் போனால் போகட்டும். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எழுத்து தெரியாது, கண்ணாடியை எங்கே வைத்தார் என்றும் தெரியாது.

பரீட்சை அன்று வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். நான் வழக்கம்போல் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே பக்கம் புரள்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு இடத்தில் நின்றது.

"இந்த மஞ்சள் யாரோட யோசனை?"

"எங்க ராஜாத்தி அக்காவோடது சார்" என்றார் பவித்ரா டாக்டர்.

உள்ளே கூப்பிட்டார்கள். பாத்ரூம் தூரத்தில் இருந்தது. கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டே ஒரு காலை உள்ளே வைத்தேன். தேர்வாளர் என்னை விட வயதில் சின்னவர். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"நீங்க சொல்லாம இருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே அம்மா. ஏன் சொன்னீங்க?"

ஏன் என்று கேட்டுவிட்டார். கதை சொல்ல ஆரம்பித்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. ஒரு வரிதான் வந்தது.

"டாக்டர் தன் மேல தப்புன்னு நெனச்சுட்டாங்க சார்."

அவர் புத்தகத்தை மூடினார். அதற்குப் பிறகு முட்டை ஓட்டைப் பற்றியும் பல்லைப் பற்றியும் அவர்கள் இங்கிலீஷில் ரொம்ப நேரம் பேசினார்கள். நான் மெதுவாகக் காலை வெளியே எடுத்துவிட்டேன்.

பவித்ரா டாக்டர் வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். போனை எடுத்து அவர் அப்பாவைக் கூப்பிட்டார். வயலில் இருந்திருப்பார் போல, டிராக்டர் சத்தம் கேட்டது. நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அப்பா, முட்டை ஓடு பாஸாயிருச்சுப்பா."

டிராக்டர் சத்தம் நின்றது.

"சரிம்மா. நீ?"

"நானுந்தாம்ப்பா" என்றார்.